வலது பக்கம் கொஞ்சம் கூடுதல்

காசு கட்டி மியூசிக் புரொடக்‌ஷன் படிப்பது பிரயோஜனமா என்று யார் வந்து கேட்டாலும், முதலில் உட்காரச் சொல்லி ஒரு டீ வாங்கிக் கொடுப்பேன். அவசரப்பட்டுப் பதில் சொல்கிற கேள்வி இல்லை அது. அஜிஷாவுக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். அதை நீங்கள் எங்கேயும் குறித்துக்கொள்ளவில்லை, ஃபாதர்.

செய்த பாவத்தைப் பாதிரியாரிடம் சொல்கிற பாவசங்கீர்த்தனம் எங்கள் சபையில் கிடையாது. அதனால் இந்த மாதிரி எழுதிக் கொடுப்பது எனக்குப் புதுசு. அஜிஷாவின் அப்பா சிலுவையும் உங்கள் ஊர்க்காரர்கள் ஆறு பேரும் வராந்தாவில் நின்றுகொண்டு ஜன்னல் வழியாகப் பார்ப்பதால் கையெழுத்து கொஞ்சம் கோணலாக வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் ராஜமணி. தக்கலையில் ஒரு மொபைல் கடையின் மாடியில் அகாடமி வைத்திருக்கிறேன். பாட்டைப் பதிவு செய்யவும், அதன் சத்தங்களை அளவாகச் சேர்க்கவும் சொல்லிக் கொடுக்கிறேன். இதை நான் சென்னையில் காசு கட்டிப் படித்தேன், 2005-இல். அதற்காக அப்பா பதினெட்டு சென்ட் தென்னந்தோப்பை விற்றார். ஆறு மாதத்தில் என்னை நாலு தடவைதான் மிக்ஸரைத் தொட விட்டார்கள். மற்ற நாளெல்லாம் நோட்டில் எழுதினோம். ஊருக்குத் திரும்பிய பிறகு, பஸ் அந்தத் தோப்பைத் தாண்டும்போதெல்லாம் அப்பா கேட்பார்: "படிச்ச படிப்பு கொள்ளாமாலே?" நான் ஒவ்வொரு தடவையும் "கொள்ளாம்பா", நல்லதுதான் என்பேன். வேறு என்ன சொல்ல முடியும்?

2012 ஜூனில் அஜிஷா வந்தாள். துபாயிலிருந்து அண்ணன் சுஜின் அனுப்பிய லேப்டாப் கையில். நாலு மாதமாக இன்டர்நெட்டில் இலவச வீடியோக்களைப் பார்த்து அவளே ஒரு பாட்டு செய்திருந்தாள். கரையில் மீன் ஏலம் போடுகிற சத்தத்தைத் தாளமாக வைத்து, அதன் மேல் தன் குரல். போட்டுக் காட்டினாள். நாலு நிமிஷம். நான் எழுந்து போய் ஃபேனை நிறுத்திவிட்டு மறுபடி போடச் சொன்னேன்.

உண்மையைச் சொல்கிறேன், ஃபாதர். அந்தப் பாட்டில் இருந்ததை அன்றைக்கும் என்னால் செய்ய முடியாது, இன்றைக்கும் முடியாது.

பாட்டு முடிந்ததும் அவள் கேட்டாள்: "சார், இதெல்லாம் நெட்டுல சும்மாவே கெடக்குல்லா. பின்ன எதுக்கு காசு கட்டிப் படிக்கணும்?"

கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஆனால் அவள் சொல்வது சரியென்றால் என் அப்பாவின் தோப்பு எதற்காகப் போனது? எனக்கு யோசிக்க நேரம் வேண்டியிருந்தது. அதனால், "வலது பக்கம் கொஞ்சம் கூடுதலா இருக்கே. உனக்கு அந்தக் காது எப்படி?" என்றேன்.

வலது பக்கத்தில் ஒரு குறையும் இல்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான். ஆனால் அவள் கை தன்னால் வலது காதுக்குப் போயிற்று. மறுநாள் வந்து சேர்ந்துவிட்டாள்.

சொல்லிவிட்டேனே, அதைப் பொய்யாக விட்டுவிட எனக்கு மனசில்லை. பக்கத்து அறையில் ஈக்வலைசர் பெட்டி இருக்கிறது. சத்தத்தின் கூர்மையைக் கூட்டவும் குறைக்கவும் செய்கிற பெட்டி. வகுப்பில் இரண்டு ஸ்பீக்கர். வலது ஸ்பீக்கரின் கூர்மையை அந்தப் பெட்டியில் தினம் ஒரு மயிரிழை இறக்கினேன். ஒரே நாளில் இறக்கினால் யாருக்கும் தெரிந்துவிடும். தினம் கொஞ்சமாகச் செய்தால் அது பயிற்சி மாதிரித்தான்.

பாவம், வலது பக்கம் மங்கலாகக் கேட்கிறதே என்று அவள் அந்தப் பக்கத்தைக் கூட்டி வைப்பாள். வீட்டுக்குப் போய்க் கேட்டால் வலது பக்கம் கண்ணாடி உடைகிற மாதிரிக் கீச்சிடும். அடுத்த நாள் முகம் வாடி வருவாள். நான் ஆறுதலாகப் பேசுவேன். கேட்காத காதுதான் கூட்டிக் கூட்டி வைக்கும், அது உன் தப்பில்லை என்பேன். யாரையும் கடிந்து பேசுகிற பழக்கம் எனக்கில்லை.

பிறகு ஒரு பரிசோதனை வைத்தேன். ஹெட்ஃபோன் மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் கையைத் தூக்கு என்றேன். இடது காதுக்குச் சத்தம் கொடுத்தேன். வலது காதுக்குப் பாதி நேரம் ஒன்றுமே கொடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, கையை மடியில் வைத்தபடி, அவள் வராத சத்தத்துக்காகக் காத்திருந்தாள். அவ்வளவு கவனமாகக் கேட்கிற ஒருத்தியை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. இருபதில் ஒன்பது தவறிவிட்டது என்று சொன்னபோது அழுதாள். அப்போதும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

இதில் ஒரு சங்கடம் வந்தது. ஸ்பீக்கர் எல்லோருக்கும் பொதுதானே. அந்த பேட்சில் எட்டுப் பேர். இரண்டு மாதத்தில் ஏழு பேருக்கு வலது காது மந்தமாகிவிட்டது. ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு, இது காது சமாச்சாரம், வெளியே தெரிந்தால் கல்யாணம் தட்டிப்போகும், யாரிடமும் சொல்லாதே என்று எடுத்துச் சொன்னேன். அவர்களுக்காகவே 'செவிப் பயிற்சி, லெவல் இரண்டு' என்று ஒன்று ஆரம்பித்தேன். எட்டாவது ஆள் ஜெஃப்ரின். அவனுக்கு மட்டும் கடைசி வரை எந்த வித்தியாசமும் தெரியவில்லை. இப்போது கொட்டாரத்தில் மைக்செட் வைத்து நன்றாக இருக்கிறான்.

அஜிஷாவின் அம்மா குளோரி அவளை நாகர்கோவிலில் ஒரு காது டாக்டரிடம் கூட்டிப் போனார். இரண்டு காதும் தங்கம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அஜிஷா அந்தச் சீட்டை என்னிடம் கொண்டுவந்தாள். "டாக்டர் பாத்தது பேச்சு கேக்குத காது. நாம பாக்கது பாட்டு கேக்குத காது" என்றேன். தலையாட்டினாள். டாக்டரை விட்டுவிட்டு என்னை நம்பினாள். ஒரு ஆசிரியனுக்கு அதைவிட என்ன வேண்டும்?

நீங்களே கவனித்திருப்பீர்கள், ஃபாதர். உங்கள் பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்றவள், இடது காது ஆர்மோனியத்தின் பக்கம் இருக்கட்டும் என்று ஓரத்துக்கு மாறினாள். பிறகு பாடாமல் புத்தகம் மட்டும் பிடித்துக்கொண்டு நின்றாள். போனை இடது காதில் வைத்தாள். யார் கூப்பிட்டாலும் முழுசாகத் திரும்பித்தான் பார்த்தாள். குளோரியிடம், "அம்மா, எனக்கு இந்தப் பக்கமா நடந்து வா" என்பாளாம். இதை நேற்று சிலுவை சொல்லித்தான் எனக்குத் தெரியும். இவ்வளவு ஒழுங்காகப் பயிற்சியைக் கடைப்பிடிக்கிற பிள்ளையை நான் பார்த்ததில்லை.

பதினாலு மாதம் இப்படிப் போயிற்று. போன வியாழக்கிழமை வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது அவள் எழுந்து போய், ஸ்பீக்கர்களுக்குப் பின்னால் குனிந்தாள். வலது கேபிளை இடதில் செருகினாள், இடது கேபிளை வலதில் செருகினாள். வந்து உட்கார்ந்து, வகுப்புக் கம்ப்யூட்டரில் தன் ஏலப் பாட்டைப் போட்டாள். மங்கல் இடது பக்கத்துக்குப் போய்விட்டது.

காது மந்தமான மற்ற ஆறு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜெஃப்ரினின் இடத்தில் புதிதாகச் சேர்ந்த பையன் மட்டும் என்ன ஆயிற்று என்று கேட்டான்.

அஜிஷா குரலை உயர்த்தவில்லை. "காது செவிடுன்னா, கேபிளை மாத்துனா மாறுமா சார்?" என்றாள்.

இதை யார் சொல்லித் தந்தது என்று கேட்டேன். தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

"ஒரு ஃப்ரீ வீடியோல இருந்து சார்" என்றாள். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு படி இறங்கிப் போனாள். பின்னாலேயே மற்றவர்களும் போனார்கள். நான் ஃபேனை நிறுத்திவிட்டு அந்தப் பாட்டை முழுசாகக் கேட்டேன்.

இதுவரை எழுதியது உங்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம். தெரியாத ஒன்று பாக்கி இருக்கிறது. யாரும் கேட்கவில்லை என்றாலும் நானாக எழுதுகிறேன். அதை என் நேர்மைக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம்.

அஜிஷா அந்த ஏலப் பாட்டை முன்னாலேயே இன்டர்நெட்டில் போட்டிருந்தாள். திருவனந்தபுரத்தில் ஒரு ஸ்டுடியோக்காரர் அதைக் கேட்டுவிட்டு, உதவியாளராக வேலைக்கு வர முடியுமா என்று மார்ச் மாதம் போன் செய்தார். என்னிடம் சேர்ந்த பிறகு பாட்டின் கீழே என் அகாடமி நம்பரைப் போடச் சொல்லியிருந்தேன், அதனால் போன் எனக்கு வந்தது. அவளுக்கு வலது காது கேட்காது என்று சொன்னேன். அவர், பரவாயில்லை, ஒரு காதில் இவ்வளவு செய்கிறவள் வரட்டும், இடம் காலியாகவே இருக்கும் என்றார். போன மாதம்கூடக் கூப்பிட்டார்.

அவளிடம் நான் சொல்லவில்லை. அரைகுறையாகப் படித்துவிட்டு வெளியே போனால் என்ன பாடு படவேண்டும் என்று எனக்குத் தெரியும், ஃபாதர். அவளுக்கு அது வரக்கூடாது.

நம்பரைப் பத்திரமாக எழுதி வைத்திருக்கிறேன். லெவல் மூன்று ஒன்றுதான் பாக்கி. அதை மட்டும் அவள் வந்து முடிக்கட்டும், நானே என் கையால் கொடுத்துவிடுவேன்.