கையைப் பிடித்தவளுக்குக் கட்டம் இல்லை

நர்சிங் பள்ளிகளுக்குப் புதுப் படிவம் அனுப்பிய அதிகாரி பிரசவ வார்டில் ஒருநாளும் நின்றதில்லை. தில்லியில் கரோல் பாக் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு தமிழ் நர்சிங் டீச்சர்கள் பேசியதைக் கேட்டுத்தான் சொல்கிறேன்.

"அக்கா, நம்ம மேரிக்கு ஒரு குழந்தை குறையுது."

"எப்படிடி? நோட்டுல இருபது பிரசவம் எழுதியிருந்தாளே?"

"ஒரே குழந்தையை மூணு பொண்ணுங்க எழுதியிருக்காளுங்க. எப்பவும் அப்படித்தானே. இனிமே குழந்தையைக் கையில ஏந்தினவளுக்கு மட்டும்தான் கணக்காம்."

"மேரி என்ன பண்ணிட்டிருந்தா?"

"பிரசவத்துக்கு வந்த அந்தம்மா இவ கையை விடவே இல்லை. விட்டா முக்க மாட்டேன்னு அடம். ஆறு மணி நேரம்! கை வீங்கிப்போச்சு."

"அச்சா! அதை எழுதேன்."

"படிவத்துல அதுக்குக் கட்டம் இல்லைக்கா. இருபது இல்லைன்னா பரீட்சை எழுத முடியாது."

"சரி, ஏந்தினான்னே போட்டுடு."

"போட்டேன். 'நான் ஏந்தலை டீச்சர்'னு அவளே கோடு போட்டு அடிச்சுட்டா."

"அசட்டுக் கழுதை," என்று மூத்தவர் சிரித்தார். "எனக்குப் பிரசவம்னா அவளைத்தான் கூப்பிடுவேன்."

"இந்த வயசுலயா அக்கா?"

அதிகாரி ஐயா, அன்று அந்தப் பெண் பிரசவம் பார்த்தாளா, இல்லையா? உங்கள் பேர் போட்டு இதே பத்திரிகையில் பதில் எழுதுங்கள்.