ஆபீசர் போடாத கையெழுத்து

– கையெழுத்துப் போட முடியாதுங்க.

– ஏன் முடியாது? எங்க விமானத்துல என்ன குறை? அதைச் சொல்லுங்க ஆபீசர் சார்.

– குறைன்னு எதுவும் என் கண்ணுல படல.

– கேட்டீங்களா மாமா? குறையும் இல்லையாம், கையெழுத்தும் இல்லையாம்!

– கேட்டேன்மா, கேட்டேன். நான் சொல்றேன் பாரு, விடியறதுக்கு முன்னாடியே வந்து இன்ஜினுக்குள்ள தலையை விட்டுட்டாரு. பிரேக், டயர், கதவு, ஒண்ணு விடல. என் சட்டைப் பொத்தான் ஒண்ணுதான் பாக்கி.

– சும்மா இருங்க மாமா. சார், எங்ககிட்ட இருக்கறது இந்த ஒத்தை விமானம். ஓடுபாதையில எங்களுக்குன்னு குடுத்திருக்கறது காலையில இந்த ஏழு மணி. ரிப்பேரு, பைலட் இல்லைன்னு ஏற்கெனவே நிறைய நாள் கிளம்பல. இன்னைக்கும் கிளம்பலைன்னா அந்த நேரத்தைப் பிடுங்கிப் பெரிய கம்பெனிக்குக் குடுத்துடுவீங்க. உங்க சட்டம்தானே?

– சட்டம்தான்.

– அந்தக் கம்பெனிக்காரனுக்கு அதுதானே வேணும்? பஸ் டிக்கெட்டை விடக் கம்மியா விமான டிக்கெட் வித்துப் பார்த்தான். நாங்க அசையல. உடனே பழைய விமானம், ஆபத்துன்னு புகார் குடுத்துட்டான். அதனாலதானே உங்க கையெழுத்து இல்லாம இன்னைக்குப் பறக்கக் கூடாதுன்னு உத்தரவு?

– ஆமாங்க.

– சட்டம்தான், ஆமாங்க... வேற வார்த்தையே வராதா உங்களுக்கு? நாங்க கடையைக் கட்டினா மறுநாளே அதே டிக்கெட்டை மூணு மடங்கு ஏத்துவான். ஆஸ்பத்திரிக்குன்னு எங்களை நம்பி வர்றவங்க எங்கே போவாங்க? என் கல்யாணத்துக்குன்னு அம்மா சேர்த்து வெச்சதையெல்லாம் இந்த இன்ஜின்ல போட்டவ சார் நான்.

– இன்ஜினுக்குக் கல்யாணம் ஆகிடுச்சு. இவளுக்குத்தான் இன்னும் ஆகல.

– மாமா! சார், நேராவே கேக்கறேன். அவன் என்ன குடுத்தான் உங்களுக்கு?

– அந்த வார்த்தை வேண்டாங்க. வேற என்ன வேணா திட்டுங்க.

– பின்னே? மத்த கம்பெனிப் பக்கம் எப்பவாவது எட்டிப் பார்க்கறவர், எங்க விமானத்தை மட்டும் வாரா வாரம் வந்து தட்டிப் பார்க்கறீங்க. நாங்க என்ன திருடங்களா?

– லீவு நாள்லகூட வர்றாரும்மா. நான் சொல்றேன் பாரு, வந்து என் காபியை வேற வாங்கிக் குடிப்பாரு. நான் போடற காபியை நானே குடிக்க மாட்டேன்.

– நல்லா கேட்டுக்குங்க சார். நான் விடப்போறதில்ல. உங்க மேலதிகாரியைத் தூக்கத்துலேருந்து எழுப்புவேன். அவர் முடியாதுன்னா அவருக்கு மேல இருக்கறவரை எழுப்புவேன். உள்ளே உட்கார்ந்திருக்கற ஒரு பயணியைக்கூட அவன் விமானத்துக்கு அனுப்ப மாட்டேன்.

– யாரையும் எழுப்ப வேண்டாம். நான் எழுப்பிட்டேன்.

– நீங்களா? எதுக்கு?

– வேற இன்ஸ்பெக்டரை அனுப்பச் சொல்லி. எங்க ஆபீஸ்லயே கண்டிப்பான அம்மா. முதல்லேருந்து அவங்களே பார்ப்பாங்க. குறை இல்லைன்னா அவங்க போடுவாங்க. நேரம் இருக்கு, ஏழு மணிக்குக் கிளம்பிடலாம்.

– அதோ, ஜீப்பு வருதும்மா!

– இருங்க மாமா. நீங்களே எல்லாம் பார்த்துட்டீங்களே சார், இன்னொருத்தர் எதுக்கு?

– நான் போட்டா செல்லாதுங்க. அவன் மோப்பம் பிடிச்சு நாளைக்கே கோர்ட்டுக்குப் போவான். வேண்டப்பட்டவங்க விமானத்துக்கு நாங்க கையெழுத்துப் போடக் கூடாது. அதுவும் சட்டம்தான்.

– நான் எப்போ உங்களுக்கு வேண்டப்பட்டவளானேன்?

– வேற எதுக்காகங்க அந்தக் காபியை இத்தனை நாளா குடிச்சேன்?

– அடேங்கப்பா! நான் சொல்றேன் பாரு...

– நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம் மாமா. போய் அந்த அம்மாவுக்கு ஏணியைப் போடுங்க. எதையும் மறைக்காம காட்டுங்க. சார்...

– சொல்லுங்க.

– இனிமே எங்க விமானத்துப் பக்கம் நீங்க தலை வெச்சுக்கூடப் படுக்கக் கூடாது.

– சரிங்க. வரலை.

– வீட்டுக்கு வாங்க. அம்மா நல்ல காபி போடுவாங்க.