பெண்டுலத்துக்கு ஒரு மேஜர்

மேஸ்திரி: ஃபேனைப் போடாத!

பெண்டுலம்: வேர்த்து ஊத்துதுடி...

மேஸ்திரி: ஊத்தட்டும். நேத்து நீ சுவிட்சைத் தட்டின, உன் மூணாவது வருஷம் மொத்தமும் பறந்து கட்டிலுக்கு அடியில போச்சு. பொறுக்கி ஒட்டறதுக்குள்ள என் முதுகு ஒடிஞ்சுது.

பெண்டுலம்: சுவரே தெரியல. மஞ்சச் சீட்டு, ரோஸ் சீட்டு, பச்சைச் சீட்டு... வார்டன் பார்த்தாங்கன்னா—

மேஸ்திரி: வார்டனை நான் பார்த்துக்கறேன். நீ சுவரைப் பாரு. மஞ்சள், எல்லாரும் எடுத்தே ஆகவேண்டிய கோர்ஸ். ரோஸ், உன் இஷ்டத்துக்கு. பச்சை, உன் மேஜருக்கு, அதான் முக்கியப் பாடத்துக்கு. எத்தனை தடவைடி சொல்றது?

பெண்டுலம்: பச்சையில ஒண்ணுமே எழுதலையே.

மேஸ்திரி: எப்படி எழுதுவேன்? என்ன மேஜர்னு நீ வாயைத் திறந்தாத்தானே! ரெண்டு வருஷம் எல்லா டிபார்ட்மென்ட்லயும் மேஞ்சாச்சு. இனிமே ஒண்ணைப் பிடிச்சுக்கணும். இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள ஃபார்ம் ஆபீசுக்குப் போகலேன்னா அடுத்த செமஸ்டர் உனக்குக் கிடையாது. இந்த ரூமும் கிடையாது. மணி என்ன?

பெண்டுலம்: மூணே கால்.

மேஸ்திரி: மூணே கால்னு எவ்வளவு நிதானமா சொல்றா பாரு!

பெண்டுலம்: நேத்து பொருளாதாரம்னு சொன்னேனே...

மேஸ்திரி: சொன்ன. பதினோரு கோர்ஸ், பதினோரு பச்சைச் சீட்டு. எழுதி ஒட்டிட்டுத் திரும்பறேன், "வேண்டாம்"ங்கற. ஏன் வேண்டாம்?

பெண்டுலம்: முதல் கிளாஸ் காலையில எட்டு மணிக்கு.

மேஸ்திரி: கேட்டுக்கோங்க! அதுக்கு முந்தின நாள் நாடகம். அது ஏன் வேண்டாம்?

பெண்டுலம்: மேடையில நின்னா கையை எங்க வெச்சுக்கறதுன்னே எனக்குத் தெரியாது.

மேஸ்திரி: அதுக்கு முன்னாடி சைக்காலஜி.

பெண்டுலம்: எலியைக் கையில பிடிக்கணுமாம்...

மேஸ்திரி: அது விருப்பப் பாடம்டி! எடுக்க வேண்டாம்னு பத்து தடவை சொன்னேன்.

பெண்டுலம்: எடுக்கலேன்னாலும் அந்தக் கட்டடத்துலதானே அது இருக்கும்.

மேஸ்திரி: ஐயோ... உனக்குப் பெண்டுலம்னு பேர் வெச்சவ வாய்க்குச் சர்க்கரை போடணும்.

பெண்டுலம்: உனக்கு மட்டும் மேஸ்திரின்னு சும்மாவா வெச்சாங்க? நின்னுட்டே வேலை வாங்கற.

மேஸ்திரி: வேலை வாங்கறேனா? நான் வேலை செய்யறேன்டி! உன் வாழ்க்கைக்கு நான் உக்காந்து கோந்து தடவிட்டு இருக்கேன். பத்து நாளா!

பெண்டுலம்: சரி, கத்தாத. நீ உன் ஃபார்மைக் குடுத்தாச்சா?

மேஸ்திரி: எப்பவோ குடுத்தாச்சு. மேத்ஸ். என் பேச்சை விடு.

பெண்டுலம்: எப்போ குடுத்த? காய்ச்சல்னு ஒரு வாரம் படுத்திருந்தியே...

மேஸ்திரி: காய்ச்சலுக்கு முன்னாடி. என்ன, விசாரணைக் கமிஷனா? உன் கதைக்கு வா. அட்வைசர் கையெழுத்து?

பெண்டுலம்: வாங்கிட்டேன். மேஜர் இடத்தைக் காலியா விட்டுக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டார்.

மேஸ்திரி: காலியா விட்டா? ஒரு கமா விட்டுப்போச்சுன்னாகூடத் திருப்பி அனுப்பற மனுஷனாச்சே! நம்ம அட்வைசரா?

பெண்டுலம்: அவரேதான். கெஞ்சினேன்.

மேஸ்திரி: எங்க, காட்டு.

பெண்டுலம்: பையில இருக்கு. எடுத்தா கசங்கிடும். நீ சொல்லு... அன்னைக்கு ஒண்ணு சொன்னியே, மொழியியல். அதுல என்னதான் பண்ணுவாங்க?

மேஸ்திரி: சொன்னா மட்டும்? அதையும் கிழிக்கவா?

பெண்டுலம்: சொல்லேன்.

மேஸ்திரி: ...ரெண்டாவது கோர்ஸ் ஒண்ணு இருக்கு. ஒரே வாக்கியத்தை ஐம்பது பேரைப் பேச வெச்சுப் பதிவு பண்றாங்க. எந்த இடத்துல மூச்சு விடறாங்க, எந்த எழுத்தை எவ்வளவு நேரம் இழுக்கறாங்கன்னு அளக்கறாங்க. நாம என்னமோ வாய்க்கு வந்தபடி பேசறோம்னு நெனைக்கறோம், இல்லையா? கிடையாது. அதுக்குள்ள ஒரு கணக்கு ஓடுது! இப்போ நீயும் நானும் ஒருத்தர் பேச்சுக்குள்ள ஒருத்தர் பூந்து பேசறோமே—

பெண்டுலம்: நீதான் பூந்து பேசற.

மேஸ்திரி: பாரு, இப்போ நீ பூந்த! நான் எங்க மூச்சை விடப் போறேன்னு உனக்கு முன்கூட்டியே தெரிஞ்சிருக்கு. அரை நொடிக்குள்ள! அது எப்படித் தெரிஞ்சுது? அதைத்தான் மூணாவது வருஷத்துல படிக்கறாங்க. அந்தப் புத்தகம் நூலகத்துல ஒரே ஒரு பிரதிதான் இருக்கு, நான் நின்னுட்டே அறுபது பக்கம்... எதுக்குச் சிரிக்கற?

பெண்டுலம்: ஒண்ணுமில்ல. அதையே போட்டுடலாம்.

மேஸ்திரி: எதை?

பெண்டுலம்: மொழியியலை.

மேஸ்திரி: நிஜமாவா? ஒரு மணி நேரம் கழிச்சு மாத்த மாட்டியே?

பெண்டுலம்: மாத்த மாட்டேன். எழுது.

மேஸ்திரி: கடவுளே, என் தலைவலி தீர்ந்துது! பச்சைச் சீட்டை எடு. முதல் கோர்ஸ் அடுத்த செமஸ்டர். ரெண்டாவது ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம்தான் நடத்துவாங்க, அதனால அதை இங்க தள்ளு... லேப் இருக்கற அறிவியல் ஒண்ணு பாக்கி. அதைக் கடைசி வருஷத்துக்குத் தள்ளாத, அழுவ... ஏய், கோந்து தீர்ந்துபோச்சு. ஜன்னல்ல இருக்கற அந்தக் கல்லை எடுத்து மிச்சச் சீட்டு மேல வை, பறக்கும்.

பெண்டுலம்: மேஸ்திரி...

மேஸ்திரி: பேசாத. இது எங்க வரும்... இங்க வரும். நாலு வருஷத்துக்கும் சேர்த்து முப்பத்திரண்டு கோர்ஸ், ஒண்ணு குறையல, ஒண்ணு கூடல. எவ்வளவு அழகா வந்திருக்கு பாரு!

பெண்டுலம்: அழகாத்தான் இருக்கு. மணி நாலரை.

மேஸ்திரி: என்னது! செருப்பைப் போடு! பையை எடு!

பெண்டுலம்: இரு, சாவி...

மேஸ்திரி: சாவி என் கையில. ஓடு. லிஃப்ட்டுக்கு நிக்காத, படியில இறங்கு. பேனா இருக்கா?

பெண்டுலம்: இருக்கு. மெதுவாடி...

மேஸ்திரி: மெதுவாவா? ரெண்டு வருஷமா மெதுவாத்தான் போயிட்டிருக்க... வராண்டா வழியா வா, வலது பக்கம்... அம்மா! அம்மா, ஜன்னலை மூடிடாதீங்க!

ஆபீஸ் அம்மா: மூடலம்மா. அஞ்சாக இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. முதல்ல மூச்சு விடு. யாரோட ஃபார்ம்?

மேஸ்திரி: இவளோடதும்மா. மேஜர் பேரை மட்டும் எழுதணும். எழுதுடி, என்ன முழிச்சுட்டு நிக்கற!

ஆபீஸ் அம்மா: இந்தப் பொண்ணோடதா? அது போன வாரம் செவ்வாய்க்கிழமையே வந்துடுச்சே.

மேஸ்திரி: இல்லம்மா, வேற யாரோடதாவது இருக்கும்.

ஆபீஸ் அம்மா: இந்தா, நீயே பாரு. ஜியாலஜி. கொட்டை எழுத்துல எழுதிக் குடுத்துட்டு, எனக்கு ஒரு சாக்லேட்டும் குடுத்துட்டுப் போச்சு.

மேஸ்திரி: ஜியாலஜியா? ஏய்... கல்லா? உனக்குக் கல்லுன்னா பிடிக்கும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கியா?

பெண்டுலம்: ஜன்னல் ஓரமா வரிசையா வெச்சிருக்கேனே, அதெல்லாம் பின்ன என்னன்னு நெனைச்ச?

மேஸ்திரி: பேப்பர் பறக்காம இருக்க வெச்சிருக்கன்னு நெனைச்சேன்! பத்து நாள்டி! நூத்துக்கு மேல சீட்டு! எலி, எட்டு மணி கிளாஸ், மேடையில கை... எல்லாம் பொய்யா? என்னை ஆட்டிவெச்சு வேடிக்கை பார்த்தியா?

ஆபீஸ் அம்மா: சண்டையை வெளியில வெச்சுக்கோங்கம்மா. அந்த ஹாஸ்டல்ல ஒரே ஒரு ஃபார்ம்தான் பாக்கி. மேத்ஸ் எடுக்கப் போறேன்னு சொல்லிட்டிருந்த பொண்ணு. மூணு தடவை மெயில் அனுப்பியாச்சு, பதிலே இல்லை. உங்க ரூம் நம்பர்தான் போட்டிருக்கு... நீதானா அது?

பெண்டுலம்: இவதாம்மா. ஃபார்ம் இதோ இருக்கு. அட்வைசர் கையெழுத்து வாங்கியாச்சு.

மேஸ்திரி: இது... என் பேர் போட்டிருக்கு.

பெண்டுலம்: உனக்குத்தான் கெஞ்சினேன்.

மேஸ்திரி: உனக்குத் தெரியுமா?

பெண்டுலம்: ரிசல்ட்டை போர்டுலதானே ஒட்டினாங்க.

மேஸ்திரி: அந்தத் தகுதிப் பரீட்சையை ரெண்டு தடவை எழுதினேன்டி. அதுல பாஸ் பண்ணாத்தான் மேத்ஸ்ல சேர்ப்பாங்க. ரெண்டு தடவையும் போச்சு. மூணாவது தடவை கிடையாதாம். அப்பா எங்க தெரு முழுக்கச் சொல்லி வெச்சிருக்கார், என் பொண்ணு கணக்குல புலின்னு. எனக்கு வெட்கமா இருந்துச்சு. யார் மூஞ்சியையும் பார்க்கப் பிடிக்கல.

பெண்டுலம்: மொழியியல்னு எழுது.

மேஸ்திரி: அது உனக்காகப் பார்த்தது.

பெண்டுலம்: எனக்காகப் பார்த்தவ எதுக்கு நூலகத்துல நின்னுட்டே அறுபது பக்கம் படிச்ச?

மேஸ்திரி: ...அப்பா கேட்டா?

பெண்டுலம்: எனக்குச் சொன்ன மாதிரியே அவருக்கும் சொல்லு. மூச்சு, அரை நொடி, கணக்கு. நடுவுல பூந்து பேச விடாத.

ஆபீஸ் அம்மா: நாலு அம்பத்தாறு. கண்ணு, அழறதுன்னா எழுதிட்டு அழு. ஃபார்ம் நனையுது.

மேஸ்திரி: பேனாவைக் குடு... மொ... ழி... யி... யல். இந்தாங்கம்மா.

ஆபீஸ் அம்மா: ஆச்சு, சீல் போட்டாச்சு. ரெண்டு பேரும் கிளம்புங்க, நான் பூட்டணும்.

மேஸ்திரி: நில்லுடி. ஒரே ஒரு கேள்வி. செவ்வாய்க்கிழமையே ஃபார்மைக் குடுத்துட்ட. அன்னைக்கே ரூமுக்கு வந்து "எனக்கு ஒண்ணும் முடிவு பண்ணத் தெரியல, நீதான் பார்த்துச் சொல்லணும்"னு எதுக்கு மூக்கால அழுத?

பெண்டுலம்: ஜியாலஜி எடுத்துட்டேன்னு சொல்லத்தான்டி ஓடி வந்தேன். நீ ஒரு வாரமா எழுந்திருக்கல, குளிக்கல, சரியா சாப்பிடல. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்த. சந்தோஷமா சொல்ல வாய் வரல, வாயில வேற என்னமோ வந்துடுச்சு. நீ சடக்குன்னு எழுந்து உக்காந்து, "உன்னால உருப்படியா ஒரு வேலை ஆகாது, பேப்பர் எடு"ன்ன. அதுக்கப்புறம் நான் முடிவு பண்ணியாச்சுன்னு எப்படிடி சொல்லுவேன்?