டேப் ஒட்டிய மிதவை

— அங்கயே நின்னு எட்டிப் பார்த்தா செக் பண்ணினதா ஆயிடுமா? குனிஞ்சு பாருங்க. டிஷ்வாஷர் உங்களைக் கடிக்காது.

— லீவு நாள்ல காலங்காத்தால ஆரம்பிச்சுட்டியா? அதெல்லாம் நான் அப்பவே பார்த்தாச்சு. தண்ணி ஓடுற மெஷின்னா நாலு சொட்டு சிந்தத்தான் செய்யும். இதுல என்ன இருக்கு?

— நாலு சொட்டா? கீழ் வீட்டு அம்மா குடையை விரிச்சு வச்சுக்கிட்டு அடுப்புல சமைச்சாங்க. சீலிங் பூரா பூசணம். இங்க உங்க பொண்ணு ஈரத்துல வழுக்கி முட்டியை உடைச்சுக்கிட்டா. உங்களுக்கு நாலு சொட்டு.

— அவ ஓடினா, விழுந்தா. அந்தம்மாவுக்கு எதையும் ஊதிப் பெருசாக்கித்தான் பழக்கம்.

— எல்லாத்தையும் சின்னதாக்கத்தான் நீங்க இருக்கீங்களே. முதல்ல பிளக்கைப் பிடுங்குங்க. ஐயோ, அது ஃப்ரிட்ஜ் பிளக்!

— தெரியும். தூசியா இருந்துச்சு, தட்டினேன். இந்தா, மெஷின் பிளக்கையும் பிடுங்கியாச்சு.

— தட்டுங்க, தட்டுங்க. பெரிய சுத்தக்காரர். இப்ப கீழ இருக்கற ரேக்கை வெளிய இழுங்க. மூலையில காளான் மாதிரி ஒரு பிளாஸ்டிக் மூடி தெரியுதா? அதைத் தூக்கி விடுங்க. அடியில 'டிக்'னு சத்தம் வரணும்.

— வருது. கேட்டியா? உள்ள தண்ணி அளவுக்கு மேல ஏறினா இது மேல வரும், தண்ணி வர்றது நின்னுடும். கச்சிதமா இருக்கு. எனக்குத் தெரியாதா?

— நேத்து நான் படிச்சுச் சொன்னதை எனக்கே பாடமா எடுக்கறீங்க பாருங்க, அதுக்கு ஒரு தைரியம் வேணும். அது உள்ள நிரம்பி வழியாம இருக்க. வெளிய ஒழுகினா பிடிக்க அடியில இன்னொண்ணு இருக்கு. முன்னாடி பலகையைக் கழட்டுங்க.

— அது வேண்டாம். கழட்டினா திரும்ப மாட்ட வராது.

— ஏன் முகம் இப்படிப் போகுது? ஸ்க்ரூ எல்லாம் புதுசா கீறியிருக்கே, யாரோ ஏற்கெனவே கை வச்ச மாதிரி. நகருங்க, நானே கழட்டறேன். டார்ச்சையாவது ஒழுங்கா பிடிங்க. என் கண்ணுல இல்ல, உள்ள!

— சொன்னா கேளேன்...

— ஆஹா! அடித்தட்டு நிறைய தண்ணி. இது என்ன, தெர்மகோல் மிதவை மேல பிரவுன் டேப்?

— அது வந்து... மெஷின் பாதியில நின்னு பீப் பீப்னு உயிரை எடுத்துச்சு. ஆபீஸ் அவசரம். மிதவையை அமுக்கி ஒட்டிட்டேன். அப்புறம் கத்தவே இல்லையே!

— எப்படிக் கத்தும்? அடியில தண்ணி தேங்கினா மிதந்து மேல வந்து மெஷினை நிறுத்தறதே இதுதான். அதைக் கூரியர் பார்சல் மாதிரி கட்டிப் போட்டுட்டீங்க. தட்டு நிரம்பினதும் தண்ணி நேரா கீழ் வீட்டுக்கு.

— தானா சரியாயிடும்னு நினைச்சேன்.

— அதான் எனக்குத் தெரியுமே. ஸ்மோக் அலாரம் அடிச்சப்ப பேட்டரியை உருவினீங்க. கார்ல சிவப்பு லைட் எரிஞ்சப்ப அது மேல பொண்ணோட ஸ்டிக்கரை ஒட்டினீங்க, பூனைப் படம் வேற. நான் வாயைத் திறந்தா டிவி சத்தத்தைக் கூட்டுவீங்க.

— எதை எதோட முடிச்சுப் போடற நீ?

— இங்க பாருங்க. குழாயை இறுக்கிப் பிடிக்கற ஹோஸ் கிளிப் லூஸு. அவ்வளவுதான். ஸ்க்ரூடிரைவர் வச்சு ரெண்டு திருகு திருகியிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும்.

— குடு, நான் இறுக்கறேன்.

— உங்க கை பட்டா குழாய் தனியா வந்துடும். துணியை எடுத்துத் தட்டைத் துடைங்க. ம்... இறுக்கியாச்சு. டேப்பையும் உரிச்சாச்சு. இப்ப மக்ல தண்ணி எடுத்துத் தட்டுல மெதுவா ஊத்துங்க. மிதவை எழும்புதா? கையைத் துடைச்சுட்டுப் பிளக்கைப் போட்டு ஸ்டார்ட் பண்ணுங்க.

— ஐயோ, கத்துது!

— கத்தட்டும். கத்தறதுக்குத்தான் அதை வச்சிருக்காங்க. இனிமே கத்தினா தண்ணிக் குழாயை மூடுங்க, அது வாயை மூடாதீங்க. பிளக்கை எடுத்துட்டு மறுபடி துடைங்க.

— அப்பாடா, திருப்தியா? லீவு நாள் போச்சு. கீழ் வீட்டு அம்மாவே காலி பண்ணிட்டுப் போயாச்சு. காலி வீட்டுல தண்ணி சொட்டினா யாருக்கு என்ன வந்துச்சு?

— அங்க ஆள் வர்றாங்க, திங்கக்கிழமை.

— யாரு வர்றா, எனக்குத் தெரியாம?

— நானும் பொண்ணும். சாவி வாங்கியாச்சுங்க, உங்களைப் பார்க்கணும்னு தோணினா அவ ஒரு மாடி ஏறினா போதும்.