நாலாவது கொடி

— மெதுவா இறக்கு, இண்டை. முதுகு விட்டுப்போச்சு. அந்தப் பக்கம் பிடி.

— பிடிச்சுட்டேன். காலையில ஒரு துண்டு வள்ளிக்கிழங்கைத் தின்னுட்டுப் போன முதுகு வேற என்ன செய்யும்? அரிசி எங்க?

— இதுதான்.

— எது?

— இந்தப் பாட்டுப்பெட்டி. கூலிக்குப் பதிலா எடுத்துக்கோன்னுட்டாரு சின்ன முதலாளி.

— ஏன் நோங், இதை எந்தப் பானையில போட்டு வேக வைக்கட்டும், சொல்லு! அவங்க பங்களாவைப் பலகை பலகையாப் பிரிச்சு லாரியில ஏத்தினது நீ. அதுக்குக் கூலி ஒரு மரப்பெட்டியா?

— கத்தாத. நானாய் தூங்குது.

— தூங்கட்டும். முழிச்சா உங்க அம்மாவுக்கும் பசிக்கும்.

— சர்க்கரை விலை விழுந்துபோச்சாம். எல்லாத்தையும் வித்துட்டு மணிலாவுக்குப் போறாராம். கையில காசே இல்லைங்கிறாரு.

— காசில்லாதவன் கார்ல போறான். நீ பெட்டியச் சுமந்துக்கிட்டு நடந்து வர்ற. "சரிங்க முதலாளி"ன்னு தலைய ஆட்டியிருப்பியே?

— ஆட்டினேன். எல்லாவனும்தான் ஆட்டினான். ஒருத்தனுக்கு ஜன்னல், ஒருத்தனுக்குக் கதவு. நம்ம குர்தோவுக்குக் கக்கூஸ் பீங்கான்.

— அதையாவது வாங்கியிருக்கலாம். ஆட்டுக்குத் தண்ணி வைப்பேன்.

— ஆடு எங்க இருக்கு?

— அதுவும் இல்லையா! நல்லா ஞாபகப்படுத்தின.

— கேளு இண்டை. பழைய சாமான் வாங்குறவன் பக்கோலோட் டவுன்ல இருந்து நாளைக்கு வர்றான். பெட்டி நல்லாப் பாடினா ஒரு மூட்டை அரிசிக்காவது ஆகுமாம். அடுத்த கரும்பு வெட்டு வரைக்கும் ஓட்டிடலாம்.

— பாடலைன்னா?

— அடுப்புல வை. நல்ல மரம்.

— சாவி கொடு. ரெக்கார்டு வச்சிருக்காங்கல்ல, அதை வையி. முள்ளு… ம். சுத்துது.

— பாடுது! பாத்தியா?

— இதுவா பாட்டு? வாயில துணிய அடைச்சவன் முனகுற மாதிரி இருக்கு. இதுக்கு ஒரு மூட்டை அரிசி! ஒரு படி தவிடு தரமாட்டான்.

— உள்ள ஏதோ அடைச்சிருக்கு. பின்பலகையக் கழட்டுறேன், இரு. அந்த அருவாளைக் குடு. குழாய் இங்கதான் வருது. உன் கை சின்னது, விட்டுப்பாரு.

— எலி கடிச்சா உன் கதை முடிஞ்சுது. துணி மாதிரி… வருது, வருது. தூ, என்ன தூசி! சின்னப் பிள்ளையோட காலுறை.

— உள்ள என்னமோ இருக்கு. கொட்டு. என்ன இது, இஞ்சித் துண்டா?

— இஞ்சியா? உனக்குப் பசி கண்ணை மறைக்குது. தொப்புள்கொடி நோங். காஞ்ச தொப்புள்கொடி. எல்லாத்தையும் ஒரே நூல்ல கட்டியிருக்கு.

— சீ, கீழ போடு.

— என்ன சீ? நம்ம பிள்ளைங்களோடது அந்தக் கூரைக் கம்புல ஒண்ணாத் தொங்கலையா? கூடப்பிறந்ததுங்க ஒண்ணை ஒண்ணு கைவிடக் கூடாதுன்னு நீதானே கட்டின?

— அதுக்காகப் பாட்டுப்பெட்டிக்குள்ளயா?

— எசமானியம்மாவுக்கு ஆசை, பிள்ளைங்களுக்குக் குரல் வரட்டும்னு. படிப்பு வர புத்தகத்துக்குள்ள வைக்கிறாங்கல்ல, அந்த மாதிரி. நம்மளுது ஓட்டைக் கூரை. அதுங்களுக்கு மழைதான் வரும்.

— சரி, நல்லவேளை. இனி பாடும். பலகைய மூடலாம்.

— இரு. பங்களாவுல எத்தனை பிள்ளை?

— மூணு. ரெண்டு அக்கா, கடைசில நம்ம சின்ன முதலாளி.

— இங்க நாலு இருக்கே.

— ஒண்ணு செத்திருக்கும்.

— மூணு லேஸ் துணியில சுத்தியிருக்கு. பூ வேலை போட்டது. நாலாவதைப் பாரு. கோதுமை மாவுச் சாக்குத் துணி. பங்களாப் பிள்ளைக்கு யாராவது சாக்குத் துணி சுத்துவாங்களா?

— என்ன சொல்ல வர்ற?

— அந்த வீட்டுல துணி துவைச்சது யாரு? உங்க அம்மா. அவங்க வயித்துல பிறந்தது யாரு? நீ. நோங்… உன் மூக்கைப் பாரு. அந்தப் பெரிய முதலாளியோட மூக்கு!

— வாய மூடு.

— ஏன் மூடணும்? கூடப்பிறந்தவனுக்கா அவன் பெட்டி குடுத்தான்? பாதித் தோட்டம் உன்னுதுய்யா!

— நானாய்! எழுந்திரு. நானாய்!

— என்னடா தோத்தோ? எதுக்கு ரெண்டு பேரும் இந்தக் கூச்சல்?

— இதைப் பாரு. இந்தச் சாக்குத் துணி யாரோடது?

— …எங்க இருந்துடா எடுத்த?

— பங்களாப் பாட்டுப்பெட்டிக்குள்ள இருந்து. சொல்லு. என் அப்பன் யாரு? கரும்பு லோடுக்கு அடியில செத்தானே அவனா, இல்ல மாடியில படுத்துச் செத்தானே அவனா?

— இங்க வா. கிட்ட வா.

— ஆ! எதுக்கு அடிக்கிற?

— உன் அப்பன் பேரைத் தப்பா சொன்னதுக்கு. உன் வேர்வைய மோந்து பாத்தாலே தெரியும் நீ அந்த மனுசன் பிள்ளைன்னு. லிப்ராடா, மருமகளே, நீயும் வேணும்னா கன்னத்தைக் காட்டு.

— எனக்கு எதுக்கு நானாய்? நான் துணியப் பாத்து சொன்னேன். துணி உங்களோடதுதானே?

— என்னோடதுதான். கொடி இவனோடது இல்ல.

— அப்ப யாரோடது?

— இவனுக்கு முன்னாடி ஒருத்தி பிறந்தா. பானிங்.

— எனக்கு அக்காவா? ஒருநாள்கூடச் சொன்னதில்லையே!

— சொல்லி என்னடா ஆகப்போகுது? பானிங் பிறந்த வாரம்தான் அங்க உங்க சின்ன முதலாளி தித்தோவும் பிறந்தான். எசமானியம்மாவுக்கு மார் வத்திப்போச்சு. ஆள் அனுப்பினாங்க.

— பால் குடுக்கவா?

— நான் மாட்டேன்னேன். உன் அப்பனை வேலைய விட்டு நிறுத்திடுவேன்னாங்க. அப்புறம் அந்தம்மாவே என் கையப் பிடிச்சுச்சு. "தால்யா, உன் மகள் கொடியக் கொண்டா, என் பிள்ளைங்களோட சேத்துக் கட்டுறேன். ஒரே பால் குடிக்கிறதுங்க, இனி கூடப்பிறந்ததுங்க. ஒண்ணு தின்னா இன்னொண்ணும் தின்னும்"னுச்சு. என் கண் முன்னாடி அந்தம்மாவே கட்டிச்சு. எங்க வச்சதுன்னு மட்டும் சொல்லல.

— கூடப்பிறந்ததா! அப்ப அக்காவையும் அங்க வச்சுக்கிட்டாங்களா?

— சமையக்கட்டுக்குப் பின்னாடி, விறகு கொட்டகையில. அப்புறம் அவளுக்கு இருமல் வந்துச்சு. அவனுக்கு ஒட்டிக்கும்னு அவளை இந்தக் குடிசைக்கே திருப்பி அனுப்பிட்டாங்க. என்னையும் வீட்டுக்கு விடல. பக்கத்து வீட்டுக்காரி கஞ்சித்தண்ணி ஊத்திப் பாத்தா. பிள்ளை பிழைக்கல.

— நீ ஓடி வந்திருக்கலாமே!

— கேட்ல ரெண்டு ஆளு நின்னாங்கடா. ஓடி வந்தேன், அடிச்சு இழுத்துட்டுப் போனாங்க. உன் அப்பனை ஏன் தோட்டத்துல கடைசி வரைக்கும் லோடு ஏத்த விட்டாங்கன்னு நினைக்கிற? வேலை நிரந்தரம்னு வாயடைச்சாங்க.

— நானாய்… தெரியாமப் பேசிட்டேன். என் கன்னம் இந்தா.

— உன் கன்னம் எனக்கு எதுக்குடி? அந்தச் சேலைய எடு. அந்தக் கொடிங்களை எங்கிட்டக் குடு.

— எங்க கிளம்புற? பெட்டி இப்ப நல்லாப் பாடும், நாளைக்கு வித்துடலாம்.

— வித்துக்கோ. அரிசி வாங்கு. எனக்கும் வேகவை. அந்தத் தித்தோவோட லாரி கிளம்பிடுச்சா?

— இல்ல, சாயங்காலம்தான். நானாய், அவன்கிட்டப் போய் என்ன கேக்கப்போற? என் கூலியா?

— கூலிய நீ கேளு, ஆம்பளைதானே! எனக்கு அவன் தரவேண்டியது வேற. என் பானிங் குடிக்கவேண்டிய பால்.