யாரும் ஒதுக்கவில்லை

கச்சிராயபாளையம் டவுன்பஸ்ஸில் நல்ல நெரிசல். கைக்குழந்தையோடு என் பக்கத்தில் நின்றவள் தன் அக்காவின் காதோரம் பேசினாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், காது திரும்பவில்லை.

“எனக்கு சைபர் மார்க்குக்கா.”

“இன்னாத்துக்குடி?”

“ஆஸ்பத்திரில ஒரு பாரத்த வச்சிக்கினு வரிசயா கேள்வி கேட்டாங்க. ஆணா பொண்ணான்னு வெளங்காம பொறந்த புள்ளன்னு ஊர்ல இத ஏசுறாங்களா, நம்மள ஒதுக்குறாங்களான்னு. ஆமான்னா ஒரு மார்க்கு, எவ்ளோ ஒதுக்குறாங்கன்னு பாக்க. நான் எல்லாத்துக்கும் இல்லன்னுட்டேன்.”

“யாருமே ஒதுக்கலியா?”

“தெரிஞ்சாத்தான ஒதுக்குவாங்க?”

சீட்டில் இருந்த ஒரு அம்மாள் கை நீட்டினார். “கொழந்தயக் குடும்மா, மடியில வச்சிக்கினு வரேன்.”

குழந்தை அந்தக் கைகளுக்குத் தாவியது. அவள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“வேணாங்க, அழும்.”

அது சிரித்துக்கொண்டிருந்தது.

அக்கா அவள் காதோரம் குனிந்து கேட்டாள். “புள்ளயக் குடுக்காம புடிச்சிக்கினியே, இதுக்கு எத்தினி மார்க்குடி?”

“இத அவங்க கேக்கலக்கா.”