இருபத்தைந்துக்கு இருபத்துநான்கு

கட்டுரை திருத்தும்போது நான் தேநீர் குடிப்பதில்லை. பல வருடங்களுக்கு முன் ஒரு மாணவனின் தாளில் கறை பட்டுவிட்டது. எனக்கு இரண்டு நாள் மனசு ஆறவில்லை. பிள்ளைகள் எழுதித் தரும் தாளுக்கு ஒரு மரியாதை உண்டு என்று நினைப்பவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஜானட் மேடம். உங்கள் விசாரணைக் குழுவுக்கு வந்த புகாரை மட்டும் படித்தால் நான் ஏதோ கல்நெஞ்சக்காரன் என்று தோன்றும்.

என் பெயர் தேவப்பிரியம். இந்தக் கல்லூரியில் பத்தொன்பது வருடமாகத் தமிழ் இலக்கியம் நடத்துகிறேன். அப்பா தெற்கே நாசரேத் பக்கத்திலிருந்து வந்து ராயபுரத்தில் மளிகைக் கடை வைத்தவர். கடைப் பலகையில் பெயிண்டர் 'சில்லரை' என்று எழுதிவிட்டுப் போக, பத்து வயதுப் பையனான நான் அவரை மறுபடி ஏணி ஏற வைத்து 'சில்லறை' என்று திருத்தினேன். அப்பா அதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார். அன்று தொடங்கிய வியாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். சிலருக்குச் சாப்பாட்டில் முடி கிடந்தால் எப்படி இருக்குமோ, எனக்கு எழுத்துப் பிழை அப்படி.

நான் சொல்லச் சொல்ல உங்கள் உதவியாளர் எழுதுகிறார். ஏன் என் கையால் எழுதித் தரவில்லை என்பதைப் பிறகு சொல்கிறேன்.

எழில்மொழி இரண்டாம் ஆண்டு மாணவி. எண்ணூரில் முகத்துவாரக்குப்பம். அப்பா சின்னப்பையன், மீன்பிடித் தொழில். முதல் வருடம் ல, ள, ழ வேறுபாட்டை நான் நடத்திக்கொண்டிருந்தபோது அவளே எழுந்து சொன்னாள்: "எங்க நைனா கையிலயே தப்பு கீது சார். நான் பொறந்தப்ப எம்பேர பச்ச குத்திகினாரு. எழிள்னு குத்திட்டான் சார், பச்ச குத்துறவன்." வகுப்பே சிரித்தது. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவள் அவள்தான். பிழை தெரிந்த பிறகு வேறு ஆளிடம் போய்த் திருத்திக்கொள்ளச் சொன்னாளாம். எம் பொண்ணு மேல கை வைக்க மாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டாராம்.

இந்தப் பருவத்தில் உள்மதிப்பீட்டுக் கட்டுரைக்கு நான் கொடுத்த தலைப்பு 'நெய்தல் திணையில் இரங்கல்'. கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல். அதற்குரிய உணர்ச்சி இரங்கல். போனவன் வருவான் என்று கரையில் நின்று வாடுவது. இருபத்தைந்து மதிப்பெண். முதலிடம் வரும் கட்டுரையை எழுதியவரின் பெயரைத் துறை ஒரு வெளியூர்ப் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைக்கும். மேற்படிப்பும் விடுதியும் அங்கே இலவசம். எழில்மொழிக்கு அது வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். அவளுக்குத் திறமை இருந்தது. கட்டுரையில்தான் அது இல்லை.

முதல் வரைவுக்குப் பதினொன்று போட்டேன். நோட்ஸ் புத்தகத்தில் இருப்பதை அப்படியே இறக்கி வைத்திருந்தாள். போதாததற்கு இரங்கல் என்று வர வேண்டிய முப்பத்துநான்கு இடத்திலும் 'இறங்கல்' என்று எழுதியிருந்தாள். முப்பத்துநான்கையும் சிவப்பு மையால் வட்டம் போட்டேன். "எங்காளுங்க வாய்ல ரெண்டு ரவும் ஒண்ணுதான் சார்" என்றாள். நான் அவளைக் கேட்டேன், யாருக்காகவாவது காத்திருந்து தவித்தது உண்டா என்று. யோசித்துவிட்டு, "இல்ல சார். நைனா கடலுக்குப் போனா வந்துருவாரு" என்றாள். அங்கேதான் கோளாறு என்று அவளிடம் சொன்னேன். அது புதன்கிழமை.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் வீட்டில் ஏதோ வாய்ச் சண்டை. சின்னப்பையன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர் எங்கே போனார், எப்படித் தண்ணீரில் விழுந்தார் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. அதில் எனக்குச் சம்பந்தம் இல்லை. அதைப் பதிவு செய்துகொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை எழில்மொழி துறைக்கு வந்தாள். கண் வீங்கியிருந்தது. "நைனா இன்னும் வூட்டுக்கு வர்ல சார். போன் சுச்சாப்புல கீது. ஆந்திரா பக்கம் தொழிலுக்குப் போய்கீறாருன்னு அம்மா சொல்லுது. கோச்சிகினா அப்பிடித்தான் போவாரு, ஒரு வாரத்துல வந்துருவாரு" என்றாள். அதனால் போலீசில் அவர்கள் புகார் கொடுக்கவில்லை. கையில் ஒரு தாள் வைத்திருந்தாள். தூக்கம் வராமல் எழுதியதாம். நின்றபடியே படித்தேன். சாம்பல் படிந்த கழிமுகம், வலையில்லாமல் திரும்பும் கால்தடம், தூரத்தில் தெரியும் ஒவ்வொரு படகிலும் ஒரே ஆள் உட்கார்ந்திருப்பதுபோல் தோன்றுவது. பத்தொன்பது வருடத்தில் ஒரு மாணவர் தாளைப் படித்து எனக்கு உடம்பு சிலிர்த்தது அன்றுதான். பதினேழு என்று ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்.

மறுநாள் செவ்வாய். காலடிப்பேட்டையில் என் தெருவில்தான் சாலமோன் இருக்கிறான். காவல்துறையில் கான்ஸ்டபிள், என் பழைய மாணவன். காலையில் பேப்பர் வாங்கப் போன என்னை நிறுத்தினான். காசிமேட்டுப் பக்கம் அலையைத் தடுக்கக் கொட்டிய தூண்டில் வளைவுக் கற்களில் ஞாயிற்றுக்கிழமை ஒரு ஆண் பிரேதம் ஒதுங்கியிருக்கிறது, முகம் அடையாளம் தெரிகிற மாதிரிதான் இருக்கிறது, ஆனால் தேடி யாரும் வரவில்லை என்றான். கைபேசியை எடுத்து ஒரு படம் காட்டினான். ஒரு முன்கை. ஊறிய தோலில் மூன்று பச்சை எழுத்து.

"எழிள்னா இன்னா சார்?" என்று கேட்டான்.

நான் அவனுக்குச் சொன்ன பதில் சரியான பதில். "அப்படி ஒரு சொல் தமிழில் இல்லை" என்றேன்.

"யார் பேராவது இருக்குமா சார்?"

"பெயர் வைப்பவர்கள் பொருள் உள்ள சொல்லாகப் பார்த்துத்தான் வைப்பார்கள்."

வாத்தியார் சொன்னால் சரியாக இருக்கும் என்று அவன் போய்விட்டான். சின்ன வயதிலிருந்தே என்மேல் நம்பிக்கை உள்ளவன்.

நான் பொய் சொன்னேன் என்று புகாரில் எழுதியிருக்கிறது. எந்த அகராதியை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள் மேடம், அந்தச் சொல் இருக்காது. ஆனால் அந்தக் கை யாருடையது என்று எனக்குத் தெரிந்தது. பார்த்த கணமே தெரிந்தது. அதை நான் மறுக்கவில்லை.

என் யோசனை இப்படிப் போயிற்று. செத்தவருக்கு இனி அவசரம் ஏதும் இல்லை. இருக்கிறவளுக்கு ஒரு வாழ்க்கை இருக்கிறது. இன்றே சொல்லிவிட்டால் அவள் அழுவாள். மாரில் அடித்துக்கொள்வாள். அது ஒப்பாரி, வேறு விஷயம். செய்தி தெரிந்த அந்த நொடியில் இரங்கல் முடிந்துபோகும். வருவாரா மாட்டாரா என்று கரையில் நிற்கிற அந்தக் காலம் யாருக்கும் கேட்டுக் கிடைப்பதில்லை. கட்டுரை கொடுக்க வேண்டிய நாள் அடுத்த வாரச் சனிக்கிழமை. பதினோரு நாள். அந்தப் பதினோரு நாளை நான் அவளுக்குக் கொடுத்தேன்.

சும்மா கொடுத்துவிட்டு இருக்கவில்லை, கூடவே இருந்து உதவினேன். சாயங்காலம் முகத்துவாரத்தில் எந்த இடத்தில் நின்றால் வருகிற படகு முதலில் கண்ணில் படும் என்று அவளையே கேட்டு, அங்கே போய் நில் என்றேன். தோன்றுவதை அன்றன்றைக்கே எழுது, நாளைக்கு என்று ஒத்திப்போடாதே என்றேன். வியாழக்கிழமை வரைவுக்கு இருபத்தொரு மதிப்பெண் போட்டேன். அடுத்த திங்கள் இருபத்துமூன்று. ஒருநாள், "போலீசுல சொல்லலாமா சார், மனசு ஒரு மாதிரி கீது" என்று கேட்டாள். அவசரப்பட வேண்டாம், குடும்ப விஷயம் தெருவுக்கு வந்துவிடும், அப்பா திரும்பி வந்தால் சங்கடப்படுவார் என்று சொன்னேன். அவளுக்கு அது நியாயமாகப் பட்டது. அன்று எழுதிய பக்கம்தான் கட்டுரையிலேயே சிறந்த பக்கம்.

அந்தத் திங்கட்கிழமையே சாலமோன் சொன்னான், நாளைக்கு மூலக்கொத்தளம் மயானத்தில் அடக்கம் செய்துவிடுகிறோம், இனி யார் வரப்போகிறார்கள் என்று. செவ்வாய்க்கிழமை நான் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டுப் போனேன். இது உங்கள் புகாரில் இல்லை, நானாகச் சொல்கிறேன். ஒரு மனிதன் கடைசியாகப் போகும்போது அவன் யார் என்று தெரிந்த ஒருவராவது பக்கத்தில் இருக்க வேண்டாமா. மண்வெட்டிக்காரர், சாலமோன், நான். ஒரு பிடி மண் போட்டேன். "நல்ல மனசு சார் உங்குளுக்கு" என்று சாலமோன் சொன்னான். குழியின் தலைமாட்டில் ஒரு எண் பலகை வைத்தார்கள். திரும்பி வரும்போது பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது. மிச்சமிருந்த தாள்களைத் திருத்திக்கொண்டு வந்தேன்.

சனிக்கிழமை அவள் கட்டுரையைக் கொடுத்தாள். அன்றே சொல்லிவிடத்தான் நினைத்திருந்தேன். களைத்துப் போயிருந்தாள், திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். திங்கட்கிழமை மதிப்பெண் பட்டியல் வேலை. பிறகு ஒன்று மாற்றி ஒன்று. அவளுடைய கட்டுரைதான் முதலிடம். துறை அறிவிப்புப் பலகையில் நானே ஒட்டினேன், நாலு ஊசியும் நேராக இருக்கும்படி.

என்னைக் காட்டிக்கொடுத்தது அதுதான். ஒரு மாதம் கழித்து, சாலைப் பாதுகாப்பு பற்றிப் பேச வந்த இன்ஸ்பெக்டரோடு சாலமோனும் கல்லூரிக்கு வந்தான். பலகை முன்னால் நின்று படித்திருக்கிறான். 'என் பெயரை எழிள் என்று கையில் பொறித்துக்கொண்டவர், அதைத் திருத்த மறுத்தவர்' என்று இரண்டாம் பக்கத்தில் வருகிறது. அவன் என் அறைக்கு வந்து வாசலிலேயே நின்றான். உள்ளே வா என்றேன். வரவில்லை. வகுப்பில் கேள்விக்கு விடை தெரியாமல் நிற்பானே, அதே முகம்.

சாலமோன் போய்ச் சொன்ன பிறகு அவள் அம்மா பட்டம்மாளும் ஒருநாள் வந்தார். நான் நாற்காலி போட்டேன், உட்காரவில்லை. "தெரிஞ்சுமா சொல்லல நீங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "மூஞ்சியாச்சும் பாத்துருப்பனே சார்" என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகுதான் என் கை இப்படி ஆயிற்று. கரும்பலகையில் 'கடல்' என்று எழுதுகிறேன், திரும்பிப் பார்த்தால் 'கடள்' என்று இருக்கிறது. அழித்துவிட்டு எழுதினாலும் அப்படியே. பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள், இப்போது சிரிப்பதில்லை. ல வருகிற இடத்திலெல்லாம் யாரோ என் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாக வளைக்கிறார்கள். பிடிக்கிற கை ஈரமாக இருக்கிறது. சட்டையின் கைமடிப்பு நனைந்திருக்கிறதா என்று தினமும் தொட்டுப் பார்க்கிறேன். வெயில் நேரத்திலும், ஆள் நிறைந்த வகுப்பிலும் இது நடக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது, மேடம். அதனால்தான் இதை என் கையால் எழுதவில்லை. பிழையோடு ஒரு வாக்குமூலம் தர எனக்கு மனம் வரவில்லை.

எழில்மொழி அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போகவில்லை. கல்லூரிக்கும் வருவதில்லை. ஒரே ஒரு தடவை, பலகையிலிருந்து கட்டுரையை எடுத்துக்கொண்டு போக வந்தாள். ஏன் இருபத்துநான்கு என்று அவள் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். கடைசி வரைவில் இரங்கல் என்ற சொல்லை எல்லா இடத்திலும் சரியாக எழுதியிருந்தாள். கடைசி வரியில் மட்டும் பழைய தவறு: 'நைனா இன்னும் கரை இறங்கல.' அதை வட்டம் போட்டு, ஓரத்தில் 'எத்தனை முறை சொல்வது' என்று எழுதி ஒரு மதிப்பெண் குறைத்திருந்தேன்.

அவள் அந்த வட்டத்தைப் பார்த்தாள். "அது அந்த வார்த்த இல்ல சார்" என்றாள். "எங்க நைனா இன்னும் கரைல எறங்கலன்னு எழுதினேன்."

படகை விட்டுக் கரையில் இறங்கவில்லை. பேச்சு வழக்கில் 'இறங்கல'. வல்லின றகரம்தான் வர வேண்டும். அவள் எழுதியது சரி. வீட்டுக்குப் போய் மூன்று தடவை சரிபார்த்தேன்.

குழு என்ன முடிவு எடுத்தாலும் கட்டுப்படுகிறேன். ஆனால் பட்டியலில் அவளுக்கு அந்த ஒரு மதிப்பெண்ணைச் சேர்த்து இருபத்தைந்து என்று திருத்தித் தர வேண்டும். பத்தொன்பது வருடத்தில் நான் யாருக்கும் அநியாயம் செய்ததில்லை, மேடம். இவளுக்கு மட்டும்தான் தவறிப்போய் ஒரு மதிப்பெண் குறைத்துவிட்டேன்.